காட்டு அரசனுக்கு மனித மனம் தந்த ஓவியர்: ஒசாமு தெசுகாவின் வாழ்வும் அவர் படைத்த விலங்குகளும்

நிமிர்ந்து நடக்கும் நரி, சட்டை அணிந்த ஓநாய், கண்ணீர் விடும் சிங்கக்குட்டி என மனித இயல்பு ஏற்றப்பட்ட விலங்குகளை வரைவதும், அவற்றில் ஒன்றைத் தமது மறு உருவாகவே வரித்துக்கொள்வதும் இன்று பல நாடுகளில் இளைஞர்களின் கலை ஈடுபாடாக வளர்ந்திருக்கிறது. தாளும் மையும் இருந்த இடத்தில் இப்போது கணினித் திரையும் மின்பேனாவும் இருக்கின்றன. மேலை நாடுகளில் 'ஃபர்ரி' என்றும் ஜப்பானில் 'கெமோனோ' என்றும் அழைக்கப்படும் இந்த ரசிகர் உலகம் தன் முன்னோர்களைப் பற்றிப் பேசும்போது தவறாமல் இடம்பெறும் பெயர்களுள் ஒன்று, 1989-ஆம் ஆண்டில் மறைந்த ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் ஒசாமு தெசுகாவினுடையது.

'ஆஸ்ட்ரோ பாய்' என்னும் இயந்திரச் சிறுவனைப் படைத்தவராகவே பெரும்பாலோர் அவரை அறிவர். ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவின் கடவுள் என்றும் அவர் போற்றப்படுகிறார். ஆனால் அவர் வரைந்த விலங்குகளைத் தொடர்ந்து பார்த்துவருவோருக்கு வேறொரு தெசுகா தென்படுவார். யாரை மனிதர் என்று ஏற்பது, யாரை விலங்கு என்று ஒதுக்குவது என்ற கேள்வியைப் பத்தொன்பது வயதில் கையில் எடுத்து, உயிர் பிரியும்வரை கீழே வைக்காத ஓவியர் அவர்.

தெசுகா 1928 நவம்பர் 3 அன்று ஒசாகாவை அடுத்த டொயோனாகா நகரில் பிறந்தார். அது பேரரசர் மெய்ஜியின் பிறந்தநாள் என்பதால், அப்பெயரின் இரண்டாம் எழுத்தைக் கொண்டே குழந்தைக்குப் பெயர் சூட்டப்பட்டது. அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் தகராசுகா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. மலைச்சரிவும் மரங்களும் சூழ்ந்த அவ்வூர், பெண்கள் மட்டுமே ஆண், பெண் வேடங்கள் இரண்டையும் ஏற்று நடிக்கும் இசை நாடகத்துக்குப் பெயர்பெற்றது. தாய் மகனை அந்த நாடகங்களுக்கு அடிக்கடி அழைத்துச் சென்றார். தந்தையோ வீட்டிலேயே சிறிய படக்காட்டிக் கருவியொன்றை வைத்திருந்தார். அதில் அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களை ஓட்டிக் காட்டுவார். மிக்கி எலி அச்சிறுவனின் வீட்டுச் சுவரிலேயே துள்ளியாடியது.

பள்ளியில் நிலைமை வேறு. சுருட்டை முடியும் மூக்குக் கண்ணாடியும் ஒல்லியான உடலும் கொண்ட சிறுவன் சக மாணவர்களின் கேலிக்கு ஆளானான். அவனைக் காத்தது பென்சில்தான். அவன் வரைந்த படங்களைப் பார்க்க வீட்டுக்கு வரத் தொடங்கிய பிள்ளைகள் பின்னர் கேலியைக் கைவிட்டனர்.

மற்றொரு புகலிடம் பூச்சிகளின் உலகம். வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்துவந்து, ஒவ்வொரு காலையும் உணர்கொம்பையும் எண்ணி, அச்சிட்ட அறிவியல் நூலோ என ஐயுறும்படி குறிப்பேடுகளில் வரைந்தார். 'ஒசாமுஷி' என்பது ஜப்பானில் ஒரு தரைவண்டின் பெயர். அது தம் பெயரை ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்த சிறுவன், பூச்சி என்று பொருள்படும் எழுத்தைத் தன் பெயருடன் சேர்த்துக்கொண்டான். உலகறிந்த அந்தப் புனைபெயரில் அந்த வண்டு கடைசிவரை இருந்தது. விலங்கின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ளும் இன்றைய ரசிகர்களுக்கு இச்செய்தி மிகவும் உவப்பானது.

பிறகு போர் வந்தது. பதின்ம வயதினரும் கட்டாயப் பணிக்கு அனுப்பப்பட்டனர். பயிற்சி முகாமில் இருந்தபோது தெசுகாவின் இரு கைகளையும் கடுமையான தோல் பூஞ்சைத் தொற்று பற்றியது. கைகளையே இழக்க நேரிடலாம் என்னும் நிலையில் ஒரு மருத்துவர் அவற்றைக் காப்பாற்றினார். மருத்துவம் படிக்கும் எண்ணம் அப்போதுதான் அவருக்குள் முளைத்தது.

1945 ஏப்ரலில் ஒசாகாவின் திரையரங்கு ஒன்றில் அவர் பார்த்த படம் அவருடைய வாழ்க்கையின் போக்கையே தீர்மானித்தது. 'மொமொடாரோ: கடலின் தெய்வ வீரர்கள்' என்னும் அப்படம் ஜப்பானியக் கடற்படையின் ஆதரவில் மிட்சுயோ செயோ இயக்கியது. 74 நிமிடங்கள் ஓடும் அந்தப் பரப்புரைச் சித்திரத்தில் படைவீரர்கள் அனைவரும் விலங்குகள். கரடியும் குரங்கும் நாயும் சீருடை அணிந்து விடுமுறைக்கு ஊர் திரும்புகின்றன. தம்பி தங்கையரைத் தூக்கிக் கொஞ்சுகின்றன. பின்னர் வான்குடையில் குதித்துத் தீவொன்றைக் கைப்பற்றுகின்றன. எதிரிகள் மட்டும் கொம்பு முளைத்த மனிதர்கள்.

குழந்தைகள் பலரும் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்ததால் அரங்கு வெறிச்சோடியிருந்தது. பதினாறு வயது தெசுகா அங்கே அமர்ந்து கண்ணீர் விட்டார். அவரை உருக்கியது போர்வெறி அன்று. காற்றில் மிதந்துவரும் பூம்பஞ்சு வான்குடையாக விரியும் காட்சியிலும், தீவின் விலங்குகள் பாட்டுப் பாடி எழுத்துக் கற்கும் காட்சியிலும் இருந்த மென்மையே அவரைத் தொட்டது. எப்படியாவது ஒருநாள் அனிமேஷன் படம் எடுத்துவிட வேண்டும் என்று அன்றே உறுதிபூண்டார்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. காட்டு விலங்குகளுக்கு எழுத்தறிவிக்கும் அந்த இனிய காட்சி, கைப்பற்றிய நாட்டு மக்கள்மீது ஜப்பானிய மொழியைத் திணித்ததன் அழகூட்டப்பட்ட வடிவம். விலங்கு முகத்தைப் பூசினால் ஆக்கிரமிப்பும் அன்பைப்போலத் தோன்றும். இருபது ஆண்டுகளுக்குப் பின் தெசுகா தம் தொலைக்காட்சித் தொடரிலும் விலங்குகள் பாடிப் படிக்கும் காட்சியை அமைத்தார். அங்கே ஆசிரியர் படைவீரர் அல்லர். காட்டிலேயே பிறந்தவர்களின் வழியில் வந்த ஒரு சிங்கக்குட்டி.

அந்தப் படம் வெளியான இரண்டாம் மாதம், 1945 ஜூனில், ஒசாகாமீது அமெரிக்க விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. தொழிற்சாலையின் கண்காணிப்புக் கோபுரத்தில் காவல் பணியில் இருந்த தெசுகா மயிரிழையில் உயிர் தப்பினார். யோதோ ஆற்றங்கரையில் குவிந்து கிடந்த உடல்களைக் கண்டார். மனிதரும் கால்நடைகளும் வேறுபாடின்றிக் கருகிக் கிடந்த அந்தக் காட்சியைப் பிற்காலத்தில் தம் சித்திரக்கதைகளில் அவர் பலமுறை வரைந்தார்.

போர் முடிந்த ஆண்டிலேயே ஒசாகா பேரரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1946 ஜனவரியில் சிறுவர் நாளிதழ் ஒன்றில் அவருடைய முதல் தொடர் வெளியாகத் தொடங்கியது. ஷிச்சிமா சகாயுடன் இணைந்து 1947-இல் வெளியிட்ட 'புதிய புதையல் தீவு' நான்கு லட்சம் படிகள் விற்றதாகக் கணிக்கப்படுகிறது. காகிதத் தட்டுப்பாடு நிலவிய, பசி தீராத ஒரு நாட்டில் அது வியப்பூட்டும் எண்ணிக்கை. கார் விரைவதைத் திரைப்படக் கருவியின் கண்கொண்டு காட்டிய அதன் தொடக்கப் பக்கங்களைப் பார்த்தே தாம் ஓவியரானதாகக் கூறியவர்கள் அடுத்த தலைமுறையில் பலர்.

1948 பிப்ரவரியில் 'பாதாள நாட்டின் விந்தை மனிதர்' என்னும் நூல் வெளிவந்தது. அதன் நாயகர்களில் ஒருவன் மிமியோ என்னும் முயல். அறுவை சிகிச்சையால் மனித அறிவு பெற்றவன். நீண்ட காதுகளை மறைத்துச் சிறுவனாக வேடமிட்டு மனிதர்களிடையே வாழ்கிறான். அவர்களுக்காகவே உழைத்தும், முயல்தானே என்ற இகழ்ச்சி அவனை விடுவதில்லை. நம்பிய நண்பனே அவனைச் சந்தேகித்து விலக்குகிறான். மாறுவேடத்தில் திரும்பிவந்து அனைவரையும் காப்பாற்றிய மிமியோ, மருத்துவமனைப் படுக்கையில் தான் மனிதன்தானே என்று நண்பனிடம் கேட்டபடியே இறக்கிறான்.

சிறுவர் சித்திரக்கதையில் நாயகன் இறப்பது அக்காலத்தில் கேள்விப்படாத ஒன்று. அதிலும் சிரிப்பூட்டுவதற்கென்றே ஏற்பட்ட முயல் இறப்பதாவது! தெசுகா இந்நூலைத் தம் முதல் உண்மையான கதைச் சித்திரமாகக் கருதினார். மிக்கி எலிக்குக் கையுறையும் காற்சட்டையும் உண்டு. ஆனால் தான் எலியா மனிதனா என்ற கலக்கம் அதற்கு ஒருபோதும் எழுந்ததில்லை. மிமியோவுக்கு எழுந்தது. மனித விலங்குப் பாத்திரங்களின் வரலாற்றில் இந்த முயலுக்கு உரிய இடம் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அது வெளிவரவே அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

மருத்துவப் படிப்பும் ஓவியப் பணியும் ஒருங்கே சென்றன. விரிவுரை வகுப்பிலும் படம் வரைந்த மாணவர் அவர். எதைத் தேர்வது என்று தடுமாறியபோது, எதில் விருப்பம் அதிகமோ அதையே செய்யும்படி தாய் அறிவுறுத்தினார். மகன் சித்திரக்கதையைத் தேர்ந்தார். எனினும் படிப்பை விடவில்லை. பட்டம் பெற்று, மருத்துவர் தேர்விலும் தேறினார். பின்னர், புகழின் உச்சியில் இருந்த 1961-ஆம் ஆண்டில், நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். ஆய்வுப் பொருள், வயல் நத்தையின் விந்தணு உருவாகும் விதம். பூச்சி வரைந்த சிறுவன் நுண்ணோக்கிவரை சென்றிருந்தான்.

1950 நவம்பரில் 'மங்கா ஷோனென்' இதழில் 'காட்டுப் பேரரசன்' தொடங்கியது. ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் 'ஜங்குரு தைதெய்'. ஆப்பிரிக்கக் காட்டை ஆண்ட வெள்ளைச் சிங்கம் பஞ்ஜா வேட்டைக்காரரால் கொல்லப்படுகிறது. சிறைபிடிக்கப்பட்ட தாய் கப்பலில் லியோ என்னும் குட்டியை ஈன்று, நடுக்கடலில் அதைத் தப்பவைக்கிறாள். மனிதர்களிடையே வளர்ந்த லியோ மனித மொழியைக் கற்றுக் காடு திரும்புகிறான். அங்கே பயிரிடக் கற்பிக்கிறான். ஒன்றையொன்று தின்னாமல் வாழும் வழியைத் தேடுகிறான்.

இந்தக் கனவு எளிதில் நிறைவேறியதாகத் தெசுகா காட்டவில்லை. ஊன் உண்ணும் சிங்கம் புல்லை மேய முடியாது. மனிதரிடம் கற்ற நாகரிகத்தைக் காட்டுக்குள் கொண்டுவருவது நன்மையா என்ற ஐயமும் கதை நெடுக ஓடுகிறது. 1954 ஏப்ரலில் முடிவுற்ற அத்தொடரின் இறுதிப் பகுதியில், பனிப்புயல் வீசும் மலையில் லியோவும் முதிய மனிதர் ஒருவரும் மட்டும் எஞ்சுகின்றனர். தன் தோலைப் போர்த்து, தன் ஊனை உண்டு அவர் உயிர் பிழைக்கட்டும் என்று லியோ தன்னையே தந்துவிடுகிறான். வெள்ளைத் தோலைப் போர்த்தியபடி மலையிறங்கும் முதியவரைச் சிங்கத்தின் மகன் எதிர்கொள்கிறான்.

பசித்த முதியவருக்குத் தன்னையே உணவாக்க நெருப்பில் பாய்ந்த முயலின் கதை, புத்தரின் முற்பிறவிகளைக் கூறும் ஜாதகக் கதைகளுள் ஒன்று. இந்தியாவில் பிறந்து ஜப்பான்வரை பரவிய அக்கதையையும் லியோவின் முடிவையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. தெசுகாவே பின்னாளில் அந்த முயலிடம் திரும்பினார். 1972 முதல் 1983 வரை அவர் வரைந்த 'புத்தா' என்னும் நெடுந்தொடர் தொடங்குவதே முயல் தீயில் பாயும் அக்கதையைக் கொண்டுதான்.

இந்திய வாசகருக்கு அவ்வகையில் 'புத்தா' நெருக்கமான படைப்பு. சாதி அடுக்குக்கு வெளியே தள்ளப்பட்ட தத்தா என்னும் சிறுவன் அதில் வருகிறான். எந்த விலங்கின் உடலிலும் தன் மனத்தைச் செலுத்தும் ஆற்றல் அவனுக்கு உண்டு. மேல்சாதியினர் விலங்கினும் கீழாக மதித்த ஒருவனுக்கே விலங்குகளின் உள்ளம் திறக்கிறது. நாரதத்தன் என்னும் துறவியின் நிலையோ இதற்கு நேர்மாறு. ஒரு மனித உயிரைக் காக்கும் அவசரத்தில் பல விலங்குகளை ஓடவைத்துச் சாகடித்த குற்றத்துக்காக, அவர் பேச்சிழந்து நான்கு கால்களில் விலங்காகவே வாழச் சபிக்கப்படுகிறார். தத்தாவும் நாரதத்தனும் பழைய நூல்களிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவர்கள் அல்லர். புத்தரின் வாழ்க்கைக்குள் தெசுகா தம் பழைய கேள்வியைக் கொண்டுவந்து வைத்ததன் விளைவே இவர்களின் இந்த வடிவம்.

வால்ட் டிஸ்னியின்மீது அவர் கொண்டிருந்த பற்று எல்லையற்றது. 1951-இல் 'பாம்பி' ஜப்பானில் திரையிடப்பட்டபோது அதை 80 முறைக்கு மேல் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. பின்னர் அதைச் சித்திரக்கதையாகவும் வரைந்தார். 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் டிஸ்னியை நேரில் சந்தித்தார். பெரிய கண்கள், வட்டமான முகம், ஒரே கோட்டில் மாறும் உணர்ச்சி என இன்றைய அனிமே விலங்குகளிடம் காணப்படும் பலவற்றுக்கும் மூலம் தேடினால் அத்தேடல் தெசுகாவிடமும், அவர் வழியே டிஸ்னியிடமும் சென்று சேரும்.

1961-இல் அவர் தொடங்கிய அனிமேஷன் பிரிவு பின்னர் 'முஷி புரொடக்ஷன்' எனப் பெயர் பெற்றது. முஷி என்றால் பூச்சி. 1963 ஜனவரி 1 அன்று 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்குத் தொடரை விற்றதும், படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து அசைவுகளைச் சிக்கனப்படுத்தியதும் ஜப்பானிய அனிமேஷன் துறையின் போக்கை நிர்ணயித்தன. ஓவியர்களின் குறைந்த ஊதியத்துக்கும் அதுவே வழிவகுத்தது என்ற குற்றச்சாட்டு பின்னாளில் எழுந்தது. இயக்குநர் ஹயாவோ மியாசாகியும் தெசுகாவின் மறைவுக்குப் பின் இதனை வெளிப்படையாகவே விமர்சித்தார்.

1965 அக்டோபரில் 'காட்டுப் பேரரசன்' வண்ணத் தொடராக வெளிவந்தது. வண்ணத் தொலைக்காட்சி பரவாத காலத்தில் அதற்கான பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. என்.பி.சி. நிறுவனத்தின் துணைநிறுவனம் உரிமை பெற்றது, நிபந்தனைகளும் விதித்தது. ஒவ்வொரு பகுதியும் தனித்து நிற்க வேண்டும். கதையில் சோகம் மிகக் கூடாது. லியோ குட்டியாகவே இருக்க வேண்டும். 1966-இல் அமெரிக்கத் திரைகளில் லியோ 'கிம்பா' என்னும் பெயருடன் தோன்றினான். வளர்ந்து, தந்தையாகி, மலையில் உயிர் துறக்கும் சிங்கத்தைத் தெசுகா விட்டுவிட மனம் கொள்ளவில்லை. அமெரிக்கப் பணமின்றியே, வளர்ந்த லியோவைப் பற்றிய 26 பகுதிகள் கொண்ட தொடரை அதே ஆண்டில் தொடங்கினார். வணிக நோக்கில் அது புத்திசாலித்தனமான முடிவு அன்று.

இத்தொடரில் குறையில்லாமல் இல்லை. ஆப்பிரிக்க மக்களை அவர் வரைந்த விதம் பழைய அமெரிக்கக் கேலிச்சித்திரங்களின் தாக்கத்தால் இழிவான சாயல் கொண்டிருந்தது. சிங்கத்துக்கு முழு மனித மனத்தைத் தந்த ஓவியர், அச்சிங்கத்தின் மண்ணில் வாழ்ந்த மனிதர்களுக்கு அதைத் தரத் தவறியது அவருடைய படைப்புலகின் பெரிய முரண். பிற்காலப் பதிப்புகள் இதுகுறித்த விளக்கக் குறிப்புடனேயே வெளிவருகின்றன.

அறுபதுகளில் அவர் மனிதன், விலங்கு என்னும் எல்லையைப் பல கோணங்களில் தொட்டுப் பார்த்தார். 'வொண்டர் த்ரீ' கதையில் பூமியை அழிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வந்த வேற்றுக் கோளினர் முயல், வாத்து, குதிரை உருவில் உலவுகின்றனர். 'வாம்பயர்ஸ்' கதையில் ஓநாயாக மாறும் இளைஞன் ஒருவன் தெசுகாவின் அலுவலகத்துக்கே வேலை கேட்டு வருகிறான். தெசுகாவும் ஒரு பாத்திரமாகத் தம்மை அதில் வரைந்துகொண்டார்.

1973 நவம்பரில் முஷி புரொடக்ஷன் திவாலானது. அதற்கு முன்பே அதன் தலைமைப் பொறுப்பிலிருந்து அவர் விலகியிருந்தார் எனினும் கடன் அவரைத் துரத்தியது. தெசுகாவின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணிய அதே ஆண்டில், உரிமம் இல்லாத அறுவை மருத்துவரைப் பற்றிய 'பிளாக் ஜாக்' தொடங்கி அவரை மீண்டும் உச்சிக்குக் கொண்டுசென்றது.

அமெரிக்காவில் இதற்கிடையே வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. சிறுவயதில் 'கிம்பா' பார்த்து வளர்ந்த தலைமுறை வாலிபப் பருவம் எய்தியிருந்தது. 1977-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிரெட் பேட்டன், மார்க் மெர்லினோ முதலியோர் சேர்ந்து ஜப்பானிய அனிமேஷனுக்கான ரசிகர் மன்றம் ஒன்றைத் தொடங்கினர். ஒளிநாடாக்களைத் தேடிப் பிடித்து, மொழி புரியாமலே பார்த்து ரசித்தவர்கள் அவர்கள். 1978-இல் அந்நகருக்குச் சென்ற தெசுகா அம்மன்றத்தினரைச் சந்தித்தார். 1980-இல் ஜப்பானிய ஓவியர் குழுவுடன் சான் டியாகோ காமிக்ஸ் மாநாட்டுக்குச் சென்று, தம் 'ஃபீனிக்ஸ் 2772' படத்தையும் திரையிட்டார்.

அந்த மன்றத்தில் ரோபோக்களை விரும்பியவர்கள் ஒருபுறமும் விலங்குகளை விரும்பியவர்கள் மறுபுறமுமாகச் சுவைகள் பிரிந்தன. இரண்டாமவர்கள், அதே பத்தாண்டில் அமெரிக்க அறிவியல் புனைகதை மாநாடுகளிலும் தனிச்சுற்று இதழ்களிலும் விலங்குப் பாத்திரங்களை வரைந்துவந்த ஓவியர்களுடன் கலந்தனர். சிரிப்பூட்டும் விலங்குகள் போதும், சிந்திக்கும் விலங்குகள் வேண்டும் என்பது அவர்கள் அனைவருக்கும் பொதுவான வேட்கை. 1984-இல் தொடங்கிய 'ரவுர்பிராசில்' அத்தகைய சுற்றிதழ்களில் குறிப்பிடத்தக்கது. பேட்டன் பின்னர் அதன் ஆசிரியரானார்.

இதே ஆண்டுகளில் டோக்கியோவில் தெசுகாவின் விலங்குகள் மேலும் இருண்டன. 1984 ஆகஸ்டில் தொலைக்காட்சியில் வெளியான 'பாகி' திரைப்படம், மரபணுச் சோதனைகள்மீது அவர் கொண்ட அச்சத்தின் வெளிப்பாடு. மனித உயிரணுவும் மலைச்சிங்கத்தின் உயிரணுவும் கலந்து ஆய்வகத்தில் உருவான பெண் பாகி. குட்டியாக இருந்தபோது அவளை எடுத்து வளர்த்த சிறுவன், வளர்ந்தபின் அவளையே வேட்டையாட நேரிடுகிறது. பேசவும் எழுதவும் தெரிந்த அவள், மனிதரால் புண்பட்டுப் புண்பட்டு இறுதியில் பேச்சை மறந்து விலங்காகவே காட்டுக்குள் மறைகிறாள். மனிதனாக ஏற்கப்பட வேண்டி இறந்த மிமியோவுக்கும், மனிதத்தன்மையே வேண்டாமென்று விலகிய பாகிக்கும் இடையே 36 ஆண்டுகள். ஃபர்ரி ரசிகர்கள் இன்றும் மீண்டும் மீண்டும் வரையும் தெசுகா பாத்திரங்களுள் பாகியும் ஒருத்தி.

1986 முதல் 1988 வரை 'ஃபீனிக்ஸ்' நெடுங்கதையின் 'சூரியன்' பகுதியை வரைந்தார். கி.பி. 663-இல் கொரியாவின் பெக்ஜே அரசு போரில் வீழ்கிறது. சிறைப்பட்ட இளவீரன் ஹரிமாவின் முகத்தோலை உரித்து, ஓநாயின் தலையை அவன்மீது ஒட்டிவிடுகின்றனர் வென்றவர்கள். அது உடலோடு ஒன்றிவிடுகிறது. ஓநாய் முகத்துடன் ஜப்பானுக்கு வரும் அவனுக்கு, அரசின் ஆணையால் திணிக்கப்படும் புதிய சமயத்துக்கு எதிராகப் போராடும் மண்ணின் ஆவிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. அவமானச் சின்னமாகச் சுமத்தப்பட்ட விலங்கு முகமே அவனுக்குப் புதிய பார்வையைத் தருகிறது. புத்தரின் வாழ்வைப் பதினோர் ஆண்டுகள் பக்தியோடு வரைந்த அதே கை, அதிகாரத்தின் கருவியாக மாறிய பௌத்தத்தை இவ்வளவு கடுமையாக வரைந்தது கவனத்துக்குரியது.

அப்போதே அவர் உடல்நலம் குன்றியிருந்தது. இரைப்பைப் புற்றுநோய் என்பதை அக்கால ஜப்பானிய வழக்கப்படி அவரிடம் தெரிவிக்கவில்லை. ஆனால் அவர் மருத்துவர். மருத்துவமனையிலும் தொடர்களை வரைந்தார். பீத்தோவனைப் பற்றிய 'லுட்விக் பி', 'நியோ ஃபவுஸ்ட்', 'கிரிங்கோ' ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. இறுதி நாள்களில் நினைவு திரும்பும்போதெல்லாம் வேலை செய்ய விடும்படி வேண்டியதாக உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

1989 ஜனவரி 21, 22 ஆகிய நாள்களில் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசா நகரில், மனித விலங்குப் பாத்திரங்களுக்கென்றே தனியாக ஒரு ரசிகர் மாநாடு நடந்தது. வந்தவர்கள் 65 பேர். அதை நடத்தியவர்களுள் ஒருவர், 12 ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸ் மன்றத்தைத் தொடங்கிய அதே மெர்லினோ. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், சிகாகோ பகுதிகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரளும் இன்றைய மாநாடுகளின் தொடக்கம் அந்தச் சிறு கூட்டமே. அது நடந்து மூன்று வாரம் முடிவதற்குள், பிப்ரவரி 9 அன்று, டோக்கியோ மருத்துவமனை ஒன்றில் தெசுகா காலமானார். அவருக்கு வயது 60. ஏறத்தாழ 700 படைப்புகளையும், ஒன்றரை லட்சம் பக்கங்களையும் அவர் விட்டுச் சென்றார். தகராசுகாவில் அவர் பெயரிலான அருங்காட்சியகம் 1994 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

அதே 1994-இல் டிஸ்னியின் 'லயன் கிங்' வெளியாயிற்று. சிம்பாவுக்கும் கிம்பாவுக்கும் இடையே பெயரில் மட்டுமன்றிக் காட்சிகளிலும் ஒற்றுமை உண்டென்று ஜப்பானிய ஓவியர்களும் ரசிகர்களும் கையொப்பமிட்டுக் கடிதம் அனுப்பினர். டிஸ்னி தரப்பு அதை மறுத்தது. தெசுகாவின் நிறுவனம் வழக்குத் தொடுக்கவில்லை. பாம்பியைப் பார்த்துப் பார்த்து வரையக் கற்றவரின் சிங்கம் டிஸ்னிக்குத் திரும்பிச் சென்றதா என்ற விவாதம் ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை. லியோவின் கதை மகுடம் சூடுவதோடு முடிவதில்லை என்பதை மட்டும் அவ்விவாதத்தில் பலர் மறந்துவிடுகின்றனர்.

தெசுகாவின் உயிரோடிருந்த காலத்தில் முற்றுப்பெறாத பணிகளுள் 'காட்டின் கதை' என்னும் படமும் ஒன்று. சைகோவ்ஸ்கியின் நான்காம் சிம்பனி இசைக்கு ஏற்ப நான்கு பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட அப்படத்தில், மரம்வெட்டியின் கோடரியை ஒரு பறக்கும் அணில் எதிர்த்து நிற்கிறது. முதல் பகுதியும் நான்காம் பகுதியும் மட்டும் 1987-இல் நிறைவுற்றன. இரண்டாம் பகுதியை அவருடைய மகன் மகோதோ தெசுகா 2014-இல் முடித்து வெளியிட்டார்.